தெருக்களுக்கு நிறம் தீட்டியவர்கள்

ஒரு தெருவில் ஏழைகள் எத்தனை பேர் என்று கேட்டால், போய் எண்ணிப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றே நாம் நினைக்கிறோம். எண்ணத் தொடங்கிய பிறகுதான் இடர்ப்பாடு எண்ணுவதில் இல்லை என்பது புலப்படும். ஏழை என்று யாரைச் சொல்வது? தெரு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? ஒரே வாசலுக்குள் மூன்று அடுப்புகள் எரிந்தால் அது ஒரு குடும்பமா, மூன்று குடும்பங்களா? ஒண்டுக்குடித்தனங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கடைசிக் கேள்வி வெறும் வேடிக்கையாகத் தோன்றாது. இவற்றுக்கெல்லாம் ஏதேனும் ஒரு விடையை வைத்துக்கொண்ட பின்னரே முதல் எண்ணை எழுத இயலும். ஆனால் அச்சில் ஏறுவது எண் மட்டுமே. விடைகள் யாரோ ஓர் எழுத்தரின் குறிப்பேட்டில் தங்கிவிடுகின்றன.

'ஸ்மார்ட் சிட்டி' என்றும் 'சீர்மிகு நகரம்' என்றும் பேசப்படும் திட்டங்கள் யாவும் இத்தகைய எண்களின் மேல்தான் நிற்கின்றன. எந்த வட்டாரத்தில் முதியோர் மிகுதி, எங்கே குழந்தைகள் மிகுதி, எங்கே வருமானம் குறைவு என்பவை தெரிந்தால்தான் மருத்துவமனையையும் பள்ளியையும் பேருந்துத் தடத்தையும் எங்கே அமைப்பது என்று தீர்மானிக்கலாம். வெவ்வேறு துறைகள் வெவ்வேறு காலங்களில் திரட்டிய இத்தரவுகளைக் கணினி தானே பொருளறிந்து இணைப்பதற்காக 'ஆன்டாலஜி' என்னும் முறை பயன்படுத்தப்படுகிறது. பெயர் புதிது, ஆனால் அது தீர்க்க முயலும் சிக்கலுக்கு வயது நூற்று முப்பதுக்கும் மேல். அந்தச் சிக்கலின் வரலாற்றை லண்டனிலிருந்து தொடங்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

லிவர்பூலில் பிறந்த கப்பல் வணிகர் சார்ல்ஸ் பூத் 1886-இல் லண்டன் மக்களின் வாழ்நிலையை ஆராயத் தொடங்கினார். அவர் அரசு அதிகாரியல்லர். தம் சொந்தப் பணத்தில், உதவியாளர் குழு ஒன்றை வைத்துக்கொண்டு இப்பணியைச் செய்தார். பிற்காலத்தில் பியாட்ரிஸ் வெப் என்று புகழ்பெற்ற பியாட்ரிஸ் பாட்டர் அக்குழுவில் ஒருவர். முதல் தொகுதி 1889-இல் வெளிவந்தது. 1902-03-இல் நிறைவுற்றபோது நூல் 17 தொகுதிகளாக வளர்ந்திருந்தது. லண்டன் மக்களில் 30.7 விழுக்காட்டினர் வறுமையில் உழல்கின்றனர் என்பது அவர் கண்ட முடிவு. அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய, மிகச் செல்வச் செழிப்பான நகரம் அது என்பதை நினைவிற்கொண்டால் இந்த எண் உண்டாக்கிய அதிர்ச்சி விளங்கும்.

இந்த எண் எப்படிக் கிடைத்தது? பூத் வீடு வீடாகச் செல்லவில்லை. பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கெல்லாம் தவறாமல் சென்றுவந்த கல்வி வாரியப் பார்வையாளர்களை அழைத்து உட்காரவைத்து, அவர்களுடைய குறிப்பேடுகளிலிருந்தும் நினைவிலிருந்தும் ஒவ்வொரு குடும்பத்தைப் பற்றியும் கேட்டு எழுதிக்கொண்டார். பிள்ளைகள் இல்லாத குடும்பங்கள், பிள்ளைகள் உள்ள அண்டைக் குடும்பங்களைப் போன்றே இருக்கும் என்று அனுமானித்துக்கொண்டார். மிதமான அளவுள்ள ஒரு குடும்பத்துக்கு வாரம் 18 முதல் 21 ஷில்லிங் வரை ஓரளவு ஒழுங்காகக் கிடைத்தால் அவர்கள் 'ஏழைகள்'. அதற்கும் கீழே இருப்பவர்கள் 'மிக ஏழைகள்'. இவ்வாறு மக்களை எட்டு வகுப்புகளாகப் பிரித்தார்.

அதன்பின் அவர் செய்த காரியமே அவரை நிலைநிறுத்தியது. லண்டன் வரைபடத்தை எடுத்து, தெருத்தெருவாக நிறம் தீட்டினார். செல்வர் தெருவுக்கு மஞ்சள், வசதியான நடுத்தர வகுப்புக்குச் சிவப்பு, ஓரளவு நிம்மதியாக வாழ்வோருக்கு இளஞ்சிவப்பு, ஏழைகளும் மற்றவர்களும் கலந்த தெருவுக்கு ஊதா, ஏழைகளுக்கு வெளிர்நீலம், மிக ஏழைகளுக்குக் கருநீலம், கடைசியாகக் கறுப்பு. ஏழு நிறங்கள்.

இந்தக் கறுப்பை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். மற்ற நிறங்கள் பெரும்பாலும் வருமானத்தையும் வசதியையும் பேசுகின்றன. கறுப்புக்கான விளக்கமோ கடைநிலை வகுப்பு என்பதோடு நில்லாமல், தீயொழுக்கத்தார், பாதிக் குற்றவாளிகள் என்றும் சேர்த்துக்கொள்கிறது. வருமானத்தை அளந்துகொண்டு வந்த அளவுகோல், கடைசிப் படியில் ஒழுக்கத்தை அளக்கத் தொடங்கிவிட்டது. ஒரே ஏணியில் இரண்டு வேறு பொருள்கள். அத்தெருவில் வாழ்ந்த ஒரு சலவைத் தொழிலாளிப் பெண் எவ்வளவு நேர்மையானவளாக இருந்தாலும் அவள் வீட்டு வாசல் கறுப்புத்தான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. எட்டு வகுப்புகள் குடும்பங்களுக்கு உரியவை. ஏழு நிறங்கள் தெருக்களுக்கு உரியவை. ஊதா நிறத் தெருவில் எந்த வீடு ஏழை வீடு என்று வரைபடம் சொல்லாது. பூத் இதை அறிந்தே இருந்தார். வரைபடத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் அறிந்திருந்தார்களா என்பது வேறு.

*

பூத்தின் வரைபடம் அட்லாண்டிக் கடலைக் கடக்க அதிக காலம் ஆகவில்லை. சிகாகோ நகரின் குடியேறிகள் நிறைந்த பகுதியில் ஜேன் ஆடம்ஸும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் 1889-இல் 'ஹல் ஹவுஸ்' என்னும் சேவை இல்லத்தைத் தொடங்கியிருந்தனர். அங்கே தங்கியிருந்த ஃபுளோரன்ஸ் கெல்லி, பெருநகரங்களின் சேரிகளைப் பற்றி அமெரிக்கத் தொழிலாளர் துறை நடத்திய ஆய்வின் சிகாகோப் பணியை 1893-இல் மேற்கொண்டார். அதில் கிடைத்த விவரங்களைக் கொண்டு 1895-இல் 'ஹல் ஹவுஸ் வரைபடங்களும் கட்டுரைகளும்' என்ற நூல் வெளிவந்தது. ஒரு வரைபடம் குடும்பங்களின் வாரக் கூலியையும், மற்றொன்று அவர்களின் தேசியத்தையும் வண்ணங்களால் காட்டின. பூத்தின் முன்மாதிரியைப் பின்பற்றியதை நூலே ஒப்புக்கொள்கிறது.

தேசிய வரைபடத்தில் 18 தேசத்தார் இடம்பெற்றனர். ஆனால் பட்டியலை ஊன்றிப் பார்த்தால் ஒரு விநோதம் தென்படும். 'ஆங்கிலம் பேசுவோர்' என்பது மொழியால் அமைந்த வகை. 'ஐரிஷ்காரர்' என்பது பூர்விகத்தால் அமைந்தது. 'கறுப்பர்' என்பது இனத்தால் அமைந்தது. மூன்றும் ஒரே வரிசையில். இதைவிட விநோதமான விதி ஒன்றும் உண்டு. வெளிநாட்டுப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த குழந்தை பத்து வயதைக் கடந்திருந்தால், அல்லது அதற்குட்பட்ட வயதில் பொதுப் பள்ளிக்குச் சென்றால், அது 'ஆங்கிலம் பேசுவோர்' கணக்கில் சேரும். பள்ளிக்குப் போகாத எட்டு வயதுத் தம்பி தன் பெற்றோரின் தேசத்தில் இருப்பான். பன்னிரண்டு வயது அக்காள் வேறு நிறத்துக்கு மாறிவிடுவாள். ஒரே வீடு, ஒரே தாய், இரண்டு நிறங்கள்.

இதைக் கேலி செய்வதற்காக நாம் கூறவில்லை. அந்த விதியை அவர்கள் நூலிலேயே அச்சிட்டு வைத்தார்கள் என்பதே இங்கு முக்கியம். அச்சிட்டதனால்தான் இன்று நாம் அதனுடன் வாதாட முடிகிறது.

அடுத்த ஆண்டில், ஃபிலடெல்ஃபியாவின் ஏழாம் வட்டத்தில், டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் என்னும் இளம் கறுப்பின அறிஞர் வீடு வீடாகப் படியேறினார். அங்கே வாழ்ந்த 9,675 கறுப்பின மக்களைப் பற்றி 1896-97-இல் அவர் திரட்டிய தகவல்கள் 1899-இல் நூலாயின. அவரும் வண்ணம் தீட்டினார். குடும்பங்களை நான்கு தரங்களாகப் பிரித்தார். பூத்தைப் போலவே அவருடைய கடைசித் தரமும் ஒழுக்கத்தை வருமானத்தோடு கலந்தது. எனினும் அவர் செய்தது ஒரு பெரிய திருத்தம். வெள்ளை நகரம் ஒற்றைச் சொல்லால் சுட்டிய மக்களிடையே நடுத்தர வகுப்பினர், உழைத்து ஓரளவு வசதியாக வாழ்வோர், ஏழைகள் என்று பல நிலைகள் இருந்தன என்பதைத் தெருத்தெருவாகக் காட்டினார். ஒரு வகையை உள்ளே திறந்து பார்த்தால் அதனுள் பல வகைகள் இருக்கும் என்பதை அவர் வரைபடமே எடுத்துக்காட்டியது.

*

1920-களில் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பார்க், எர்னஸ்ட் பர்ஜஸ் முதலிய சமூகவியலாளர்கள் நகரத்தையே தம் ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டனர். நகரம் முழுவதையும் 75 சமூகப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயரும் எல்லையும் வகுத்தனர். பின்னர் விமான நிலையப் பகுதி 76-ஆவதாகச் சேர்ந்தது. எட்ஜ்வாட்டர் என்னும் பகுதி அப்டவுனிலிருந்து பிரிந்து 1980-இல் 77-ஆவதாயிற்று. மற்றபடி அன்று வரைந்த கோடுகள் ஏறத்தாழ அப்படியே நிற்கின்றன. மக்கள் இடம்பெயர்ந்தார்கள், தொழிற்சாலைகள் மூடப்பட்டன, நெடுஞ்சாலைகள் பேட்டைகளை இரண்டாகப் பிளந்தன, கோடுகள் மாறவில்லை. அதனால் நூறாண்டுக் காலத் தரவை ஒப்பிடலாம் என்பது நன்மை. இன்று அங்கே வாழ்பவர் 'என் பேட்டை' என்று சொல்வது அந்தக் கோட்டுக்குள் இருக்குமா என்பது ஐயம்.

வகைப்பாடு ஆராய்ச்சியாளரின் மேசையிலிருந்து கடன் வழங்குவோரின் மேசைக்கு இடம் மாறியபோது நிகழ்ந்ததை நாம் மறத்தல் ஆகாது. பெருமந்தக் காலத்தில், வீட்டுக் கடன் கட்ட இயலாமல் தவித்தவர்களுக்கு உதவ 1933-இல் அமெரிக்க அரசு வீட்டு உரிமையாளர் கடன் கழகத்தை அமைத்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கடன்களை அது மாற்றியமைத்துக் கொடுத்தது. அதே கழகம் 1935-க்கும் 1940-க்கும் இடையில் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களை ஆராய்ந்து, வட்டாரங்களுக்கு நான்கு தரங்கள் அளித்தது: பச்சை 'மிகச் சிறந்தது', நீலம் 'இன்னும் விரும்பத்தக்கது', மஞ்சள் 'திண்ணமாகச் சரிந்துவருவது', சிவப்பு 'அபாயகரமானது'.

ஒவ்வொரு வட்டாரத்துக்கும் நிரப்பப்பட்ட படிவங்கள் இன்று பொதுமக்கள் பார்வைக்குக் கிடைக்கின்றன. அவற்றில் குடியிருப்போர் என்ற தலைப்பின் கீழ் தொழில், வருமானம் ஆகியவற்றோடு, வெளிநாட்டில் பிறந்தோர் எத்தனை விழுக்காடு, கறுப்பினத்தார் எத்தனை விழுக்காடு என்ற கட்டங்கள் உள்ளன. அவற்றையடுத்து ஒரு கட்டம்: 'ஊடுருவல்'. யார் ஊடுருவுகிறார்கள் என்பதை எழுதுவதற்காக அருகில் ஒரு வெற்றிடம். படிவத்தை நிரப்பிய அலுவலர் நல்லவரா தீயவரா என்பது இங்கே பொருட்டில்லை. ஒரு குடும்பம் புதிய தெருவுக்குக் குடிவருவதை 'ஊடுருவல்' என்றல்லாமல் வேறு சொல்லால் பதிவதற்கு அப்படிவத்தில் இடமே இல்லை. தீர்ப்பு, விவரம் திரட்டும் முன்பே எழுதப்பட்டுவிட்டது.

இவ்வரைபடங்கள் தாமே எத்தனை பேருக்குக் கடன் கிடைக்காமல் செய்தன என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வீட்டுக் கடன்களுக்குக் காப்பீடு அளித்த கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம் தனக்கென்று வேறு விதிகளை வைத்திருந்தது; அதன் பங்கே பெரிது என்பார் உளர். எப்படியாயினும், குடியிருப்போரின் இனத்தை வட்டாரத்தின் இடர்ப்பாடாக எண்ணும் வழக்கம் அரசு முத்திரையோடு நடைமுறையில் இருந்தது. வீடு விற்பதிலும் கடன் தருவதிலும் இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வர 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வகைப்பாட்டில் உள்ள மற்றோர் ஆபத்தைப் புள்ளியியல் அறிஞர் டபிள்யூ. எஸ். ராபின்சன் 1950-இல் வெளியிட்ட கட்டுரை எடுத்துக்காட்டியது. 1930-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டார். வெளிநாட்டில் பிறந்தோர் மிகுதியாக வாழும் மாநிலங்களில் எழுத்தறிவு மிகுதியாக இருந்தது. இதைக் கொண்டு, வெளிநாட்டில் பிறந்தோர் அதிகம் எழுத்தறிந்தவர்கள் என்று சொல்லலாமா? தனி மனிதர்களை எண்ணிப் பார்த்தபோது உண்மை நேர்மாறாக இருந்தது. குடியேறிகள், எழுத்தறிவு ஏற்கெனவே மிகுந்திருந்த மாநிலங்களில் போய்த் தங்கியதுதான் காரணம். இடத்தைப் பற்றிய உண்மை வேறு, அங்கே இருக்கும் மனிதரைப் பற்றிய உண்மை வேறு. பூத்தின் தெருக்களுக்கும் குடும்பங்களுக்கும் இடையே இருந்த அதே இடைவெளிதான் இது.

*

இந்த வரலாறு முழுவதும் ஒரே நகரத்தில் மறுபடியும் நடந்தேறியதைப் பார்க்க வேண்டுமானால் கனடாவின் டொராண்டோவுக்குச் செல்ல வேண்டும். ஆறு நகராட்சிகள் இணைந்து 1998-இல் இன்றைய டொராண்டோ உருவாயிற்று. கணக்கெடுப்புத் துறை வரைந்த சிறு துண்டங்களை ஒட்டவைத்து மாநகராட்சி 140 வட்டாரங்களை வகுத்துக்கொண்டது. 2005-இல் 13 வட்டாரங்கள் முன்னுரிமைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. 2014-இல் அளவுகோல் மாறியது. 31 வட்டாரங்கள் மேம்பாட்டுப் பகுதிகளாயின. வரையறை மாறினால் பட்டியல் மாறும். பட்டியல் மாறினால் நூலகத்துக்கும் இளைஞர் மையத்துக்குமான பணம் வேறு தெருவுக்குப் போகும். 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை ஒட்டி, மக்கள் பெருகிய 16 வட்டாரங்கள் 34-ஆகப் பிரிக்கப்பட, மொத்தம் 158 ஆயிற்று. பழைய பெயரிலேயே வேறு எல்லை என்றால், பத்தாண்டு முன்னைய எண்ணோடு எதை ஒப்பிடுவது?

டொராண்டோப் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹல்சான்ஸ்கி இந்த ஒப்பீட்டைப் பொறுமையாகச் செய்து காட்டினார். தனிநபர் சராசரி வருமானம் பெருநகரச் சராசரியிலிருந்து 20 விழுக்காட்டுக்கு மேல் ஏறியோ இறங்கியோ விலகாத துண்டத்தை நடுத்தர வருமான வட்டாரம் என்று அவர் வரையறுத்துக்கொண்டார். 1970-இல் நகரின் 66 விழுக்காடு அத்தகையது. 2005-இல் அது 29 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. குறைந்த வருமானப் பகுதிகள் 19 விழுக்காட்டிலிருந்து 53 விழுக்காடாயின. ஒரே நகருக்குள் மூன்று நகரங்கள் இருப்பதாக அவர் சொன்னார். வரையறையை முதலிலேயே சொல்லிவிட்டதனால் அவர் எண்ணை ஏற்கலாம், மறுக்கலாம். புரியவில்லை என்று சொல்ல முடியாது.

இதற்குப் பின் ஒரு விபரீதம் நேர்ந்தது. 2010-இல் கனடா அரசு, கணக்கெடுப்பின் நீண்ட வினாத்தாளுக்குக் கட்டாயம் விடையளிக்க வேண்டும் என்ற விதியை நீக்கி, விருப்பமுள்ளோர் மட்டும் நிரப்பினால் போதும் என்று அறிவித்தது. விருப்பத்தின் பேரில் நடப்பது கட்டாயக் கணக்கெடுப்புக்கு ஈடாகாது என்று கூறி, நாட்டின் தலைமைப் புள்ளியியலாளர் முனீர் ஷேக் அவ்வாண்டு ஜூலையில் பதவி விலகினார். 2011-இல் வினாத்தாள் பெற்றவர்களில் 68.6 விழுக்காட்டினரே விடையளித்தனர். பல சிற்றூர்களுக்கு எண்களை வெளியிடவே முடியவில்லை. 2016-இல் கட்டாய முறை திரும்பியது. ஆயினும் 2011-இன் வருமான எண் ஒன்று, 2006-க்கும் 2016-க்கும் நடுவே அட்டவணையில் அமர்ந்தால் மற்றவற்றைப் போலவே தோற்றமளிக்கும். அது வேறு விதமாகப் பிறந்தது என்பதை எண் தானாகச் சொல்லாது.

*

ஆன்டாலஜி நுழையும் இடம் இதுதான். தத்துவத்தில் இச்சொல் இருப்பவை எவை என்று ஆராயும் துறையைக் குறிக்கும். கணினியியலாளர் இதை இரவல் வாங்கிக்கொண்டனர். தாமஸ் க்ரூபர் 1993-இல் தந்த விளக்கத்தின் சாரம், ஒரு துறையில் நாம் மனத்தில் வைத்திருக்கும் கருத்துகளை வெளிப்படையாக வரையறுத்து எழுதிவைப்பதே ஆன்டாலஜி என்பது. டிம் பெர்னர்ஸ் லீயும் நண்பர்களும் பொருளறியும் வலையைப் பற்றி 2001-இல் எழுதிய கட்டுரை இதைப் பரவலாக்கியது. இத்தகைய வரையறைகளை எழுதுவதற்கான 'ஆவுல்' என்னும் மொழி 2004-இல் உலகத் தரமாக ஏற்கப்பட்டது.

தமிழ் வாசகருக்கு இது முற்றிலும் அந்நியமான எண்ணமன்று. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம், சொல்லால் சுட்டப்படுபவற்றை உயர்திணை, அஃறிணை என்று பகுத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. அந்தப் பகுப்பு வெறும் பட்டியலன்று. எத்திணை என்பது தெரிந்தால், அதைப் பற்றி எந்த வினைமுற்றைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதும் தெரிந்துவிடும். 'அவன் வந்தது' என்று எழுதினால் பிழை என்று இலக்கணம் உடனே சொல்லும். கணினி ஆன்டாலஜியும் அதையே செய்கிறது. இன்ன பொருள் இன்ன வகை. இன்ன வகையோடு இன்ன உறவே பொருந்தும். பொருந்தாததைச் சொன்னால் பிழை.

ஓர் எடுத்துக்காட்டு. 'இந்த வட்டாரத்தில் முதியோர் 18 விழுக்காடு' என்றொரு வாக்கியம் இருப்பதாகக் கொள்வோம். ஆன்டாலஜியில் அது ஒற்றை எண்ணாக நிற்பதில்லை. முதியோர் என்றால் 60 வயதுக்கு மேலா, 65-க்கு மேலா? எந்த மொத்தத்தில் 18 விழுக்காடு. முதியோர் இல்லங்களில் வாழ்வோர் அதில் சேர்வரா? வட்டாரத்தின் எல்லை எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை செல்லும்? எண்ணியது யார், எந்த முறையில், எத்தனை பேர் விடையளித்தனர்? ஒவ்வொன்றும் தனி வாக்கியமாக எழுதப்பட்டு எண்ணோடு பிணைக்கப்படுகிறது. 140 வட்டாரங்களின் காலத்து எண்ணையும் 158-இன் காலத்து எண்ணையும் ஒருவர் கழித்துப் பார்க்க முற்பட்டால், இரண்டும் வேறு இடங்கள் என்று கணினியே எச்சரிக்கலாம். 2011-இன் எண் விருப்பக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது என்பதும் அதனோடேயே பயணம் செய்யும்.

நகரங்களை ஒப்பிடுவதற்கான ஐ.எஸ்.ஓ. 37120 என்னும் தரநிர்ணயம் 2014-இல் 100 அளவீடுகளோடு வெளிவந்தது. அதன் பிறப்பிலும் டொராண்டோப் பல்கலைக்கழகத்துக்குப் பங்குண்டு. அதே பல்கலைக்கழகத்தின் மார்க் ஃபாக்ஸ் என்னும் பேராசிரியர் அவ்வளவீடுகளை ஆன்டாலஜியாக எழுதத் தொடங்கியபோது, எளியவையாகத் தோன்றியவை எவ்வளவு சிக்கலானவை என்பது தெரிந்தது. ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்று கேட்டால், ஆசிரியர் யார், பகுதிநேரத்தார் எப்படி எண்ணப்படுவர், மாணவர் நகரில் வாழ்பவரா நகரில் படிப்பவரா என்பதையெல்லாம் தீர்க்க வேண்டும். இரண்டு நகரங்கள் ஒரே பெயரில் வேறு வேறு பொருள்களை அளந்திருந்தால் அதைக் கணினியே கண்டுபிடிக்க அவரது குழு வழிசெய்தது. நகர அளவீடுகளுக்கான மேல்நிலை ஆன்டாலஜி ஒன்று 2020-இல் பன்னாட்டுத் தரமாகவும், நகரத் தரவு மாதிரியின் முதற்பகுதி 2023-இலும் வெளியாயின.

ஆனால் சொல்லை வரையறுப்பது நடுநிலையான வேலை என்று நாம் ஏமாந்துவிடலாகாது. இதே டொராண்டோவின் கீசைடு என்னும் ஏரிக்கரைப் பகுதியை உணர்கருவிகள் நிறைந்த நகரமாக்கச் சைட்வாக் லேப்ஸ் நிறுவனம் 2017-இல் முன்வந்தது. பொதுவெளியில் திரட்டப்படும் தகவலை 'நகரத் தரவு' என்றொரு புதிய வகையாக்கி, அதற்கெனத் தனி அறக்கட்டளை அமைக்கலாம் என்றது. சட்டத்தில் இல்லாத இந்த வகைக்குள் எதெல்லாம் அடங்கும், அது தனிநபர் தகவலுக்கான பாதுகாப்பைக் கலைத்துவிடுமா என்று கடும் விவாதம் எழுந்தது. 2019 அக்டோபரில் அந்தச் சொல் கைவிடப்பட்டது. 2020 மே மாதத்தில் திட்டத்தையே நிறுவனம் கைவிட்டது.

*

இது எங்கோ நடந்த கதையென்று நாம் இருக்க இயலாது. இந்தியாவில் 2015 ஜூனில் தொடங்கி 2025 மார்ச்சில் நிறைவுற்ற ஸ்மார்ட் சிட்டி திட்டம் 100 நகரங்களை உள்ளடக்கியது. அந்நகரங்களில் சேரி என்பது எது? 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, அரசு அறிவித்தவையும் ஏற்றவையும் தவிர, குறைந்தது 300 பேர் அல்லது ஏறத்தாழ 60 முதல் 70 குடும்பங்கள் நெருக்கமாக வாழும், வசதியற்ற பகுதிகளையும் சேரி என்று கொண்டது, அதன்படி 6.5 கோடி மக்கள். ஐ.நா.வின் வாழிட அமைப்போ, நல்ல குடிநீர், கழிப்பிடம், உறுதியான வீடு, போதிய இடம், வெளியேற்றப்படாமைக்கான உறுதி ஆகியவற்றுள் ஒன்று இல்லாத குடும்பத்தையும் சேரிக் குடும்பமாகக் கொள்ளும். முன்னது இடத்தைப் பற்றியது, பின்னது குடும்பத்தைப் பற்றியது. நாற்பது குடிசைகள் மட்டுமே உள்ள, அரசுப் பட்டியலில் ஏறாத ஒரு வாய்க்கால் கரை, ஒரு கணக்கில் இருக்கும், மற்றொன்றில் இருக்காது. தண்ணீர்க் குழாய் எந்தக் கணக்கைப் பார்த்து வரும்?

வரையறையே இல்லாமல் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1931-இன் கணக்கெடுப்பில் சாதிகளின் எண்ணிக்கை 4,147. 2011-இன் சமூக, பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பில் மக்கள் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டபோது 46 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் திரண்டன என்று 2021-இல் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. வரையறை இறுகிப்போனால் 'ஊடுருவல்' என்ற கட்டம் பிறக்கிறது. வரையறையே இல்லையென்றால் எண்ணவே முடியாமல் போகிறது.

பூத்தின் குறிப்பேடுகள் இன்று லண்டன் பொருளியல் கல்லூரியில் உள்ளன, இணையத்திலும் காணலாம். 1898-99-இல் வரைபடத்தைத் திருத்துவதற்காக அவருடைய உதவியாளர்கள் ரோந்து சுற்றும் காவலரோடு தெருத்தெருவாக நடந்து எழுதிய குறிப்புகள் அவற்றில் இருக்கின்றன. உடைந்த சன்னல், வாசலில் நின்ற பெண்கள், பிள்ளைகளின் செருப்பு என்று எதைப் பார்த்து எந்த நிறத்தை மாற்றினார்கள் என்பதை நாம் படிக்கலாம். அந்தக் கறுப்பு நிறம் அநீதியானது என்று இன்று சொல்ல முடிவதற்குக் காரணம், அவர் தம் குறிப்பேடுகளை எரிக்காமல் விட்டுச் சென்றதுதான். வறுமையை எண்ணியவர், எண்ணியதோடு நில்லாமல் முதியோர் ஓய்வூதியத்துக்காக ஆண்டுக்கணக்கில் வாதாடினார் என்பதையும் சொல்லவேண்டும். 1908-இல் அதற்கான சட்டம் நிறைவேறி, 70 வயது கடந்த ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை கிடைக்க வழி பிறந்தது.

ஆன்டாலஜி என்பது அந்தக் குறிப்பேட்டை எண்ணோடு சேர்த்துக் கட்டிவைக்கும் நூல்கயிறு என்று நாம் கொள்ளலாம். அது நம் வகைகளை நியாயமானவையாக ஆக்கிவிடாது. அவை எவை என்பதை எல்லோரும் படிக்கும்படி எழுதிவைக்கும், அவ்வளவே. நாளை நம் வட்டாரத்தைப் பற்றிய ஓர் எண் நம் முன்னே வைக்கப்படும்போது, அது பெரிதா சிறிதா என்று வியப்பதற்கு முன், யாரை எண்ணினார்கள், எங்கே கோடு போட்டார்கள், யார் விடுபட்டார்கள் என்று கேட்கும் பழக்கம் நமக்கு வரவேண்டும். அக்கேள்விகளுக்கு விடை எழுதப்பட்டிருந்தால் அந்த எண்ணோடு நாம் பேசலாம். எழுதப்படவில்லையெனில், எழுதும்படி கேட்பதற்கு அங்கே குடியிருக்கும் எவருக்கும் உரிமை உண்டு.